டிரையருக்குள் வைத்த பொட்டு

பெட்டி கட்டி முடித்த பிறகு என் வீட்டுக்காரர் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பியைக் கொண்டுவந்து புடவை மடிப்புக்குள் செருகினார். உள்ளே எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் குங்குமம். "கடல் தாண்டிப் போற. அவளும் கூட வரட்டும்" என்றார். வியட்நாமில் எனக்கு நேர்ந்த தலைகுனிவும், பிறகு கிடைத்த பெருமையும், இரண்டுமே அந்த டப்பியிலிருந்துதான் வந்தன.

என் பெயர் வசந்தா. அம்மாப்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம். எட்டாவதோடு படிப்பு நின்றது. என் அம்மா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் நடவு நட்டவர். இன்று எங்களுக்கு நாலு மா, ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, சொந்த நிலம் இருக்கிறது. இருபத்திரண்டு பெண்கள் சேர்ந்து அரிசி வடகம் போடும் குழு இருக்கிறது. அதற்கு நான் தலைவி. எல்லாம் அம்மன் கொடுத்தது.

போன கோடையில் சிங்கப்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் மன்னார்குடிக்காரர் ஒருவர் எங்கள் வடகத்தை வாங்க ஆரம்பித்தார். ஊரே பேசியது. இரண்டாவது தடவை அனுப்பிய பெட்டி அப்படியே திரும்பி வந்தது. ஒரு பாக்கெட்டில், வடகத்தோடு ஒட்டிக் காய்ந்த வைக்கோல் துரும்பு. "இத எப்படிக்கா நான் விக்கிறது?" என்று போனில் கேட்டார். கோபப்பட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன்; வருத்தமாகக் கேட்டார். அந்தத் துரும்பைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இந்தப் பயிற்சி வந்தது. தஞ்சாவூரில் உணவுப் பதப்படுத்தும் படிப்பு நடத்தும் ஒரு கல்லூரிக்கும், வியட்நாமில் மீகாங் ஆற்று டெல்டாவில் இருக்கும் ஒரு கல்லூரிக்கும் ஒப்பந்தம். நம் ஆட்கள் அங்கே போய்ப் பன்னிரண்டு நாள் கற்பார்கள். பிறகு அவர்கள் ஆட்கள் இங்கே வந்து பார்த்துச் சொல்லித்தருவார்கள். அங்கே பயிற்சிக் கடைசியில் நாங்களே ஒரு ஈடு வடகம் போட்டுக் காட்ட வேண்டும். தேறினால் எங்கள் ஊருக்கு உலர்த்தும் கூடம் வரும். சுற்றுவட்டாரக் குழுக்களுக்கு எங்கள் ஊரே பயிற்சி இடம் ஆகும். சிங்கப்பூர்க்காரரும் அந்தச் சான்றிதழைக் காட்டினால் திரும்ப வாங்குவதாகச் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் கூடம் வேறு ஊருக்குப் போய்விடும்.

என்னோடு வந்தவள் ஜெசிந்தா, குழுவின் செயலாளர், மாதா கோயில் தெருக்காரி. வாய் ஓயாது. எங்களை அழைத்துப்போனவர் தஞ்சாவூர்க் கல்லூரி மேடம். அங்கே இங்கிலீஷில் சொல்வதை அவர்தான் எங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

முதல் நாள் காலை ஜன்னலைத் திறந்தேன். கண்ணுக்கு எட்டிய வரை பச்சை வயல், நடுவே வாய்க்கால், வரப்பில் தென்னை, தண்ணீரில் வாத்துக் கூட்டம். ஜெசிந்தா எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இவ்வளவு நேரம் பறக்கவிட்டு, சுத்திக் கொண்டாந்து பாவநாசத்துலயே எறக்கிட்டானுங்கக்கா" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஆறு அப்படி இல்லை. மேட்டூரில் திறந்தார்களா, கல்லணைக்கு வந்ததா என்று பேப்பர் பார்க்கும் வேலை அவர்களுக்கு இல்லை. கரை தெரியாத அகலத்துக்குச் செம்மண் நிறத்தில் ஓடுகிறது. பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, மறைப்பானேன். பிறகுதான் தெரிந்தது, அவர்களுக்கு வேறு கவலை. கோடையில் கடல் உப்பு ஆற்றுக்குள் ஏறி வயலைக் கெடுக்கிறதாம். வேதாரண்யத்தில் இருக்கும் என் நாத்தனார் சொல்லி அழுவதும் அதேதான்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். போய் இறங்கியது வெள்ளிக்கிழமை. செவ்வாய், வெள்ளி நான் கவிச்சி தொடமாட்டேன். அங்கே எல்லாவற்றிலும் மீனை ஊறவைத்து இறக்கிய ஒரு சாறு ஊற்றுகிறார்கள். நாம் உப்புப் போடுகிற இடத்தில் அவர்களுக்கு அது. வெறும் சோறும் வாழைப்பழமும் தின்றேன். ஜெசிந்தா மீன் குழம்பைச் சட்டியோடு முடித்துவிட்டு, "எங்க மாதா என்னைப் பட்டினி போட மாட்டா, ஒங்க ஆத்தாதான் போடறா" என்று சீண்டினாள். "ஒங்களுக்கும் வெள்ளிக்கெழம சுத்தபத்தம் உண்டுல்ல?" என்றேன். "அது தவக்காலத்துலக்கா" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டே.

ஐந்தாம் நாள் அமாவாசை. இன்றும் சோறும் பழமும்தான் என்று போனால், பாதி கடைகளில் பூந்தொட்டி வைத்து, காய்கறிச் சாப்பாடு மட்டும். அங்கே உள்ளவர்களில் நிறையப் பேர் அமாவாசையும் பௌர்ணமியும் மாமிசம் சாப்பிடுவதில்லையாம். கடைக்கார அம்மா என் கும்பிட்ட கையைப் பார்த்துவிட்டுத் தானும் கும்பிட்டார். வாழைப்பூவும் காளானும் தட்டு நிறைய வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பிடி சோறு எடுத்துக்கொண்டு வெளியே வந்து காக்காயைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. கடைசியில் மதில் மேல் வைத்தேன். இரண்டு குருவிகள் வந்து கொத்தின. வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எங்கப்பாவுக்குக் குருவி ரூபத்துல வரவும் தெரியும். நீ படிக்கிற வேலையைப் பாரு" என்றார்.

படிப்பைச் சொல்கிறேன். சொல்லித்தந்த டீச்சரம்மா பெயர் லான். நாற்பது வயது இருக்கும், குள்ளம், குரல் மட்டும் பெரிசு. அவர் அம்மா படகில் அரிசிக் காகிதம் விற்றவராம். அரிசி மாவை ஆவியில் மெல்லிசாக வார்த்து, மூங்கில் தட்டியில் காயவைப்பது அது. நம் வடகத்துக்குத் தங்கச்சி மாதிரி. வயலில் தொடங்கி ஒருவர் வாய்க்குள் போகிற வரை உணவு ஒரே சங்கிலி, ஒரு கண்ணி கெட்டாலும் கடைசியில் தின்பவருக்குத்தான் கேடு என்று லான் சொன்னார். அந்தச் சங்கிலியைத் தாளில் வரையச் சொன்னார். கூட உட்கார்ந்திருந்த அந்த ஊர்ப் பெண்கள் விதையில் தொடங்கினார்கள். நான் வாய்க்கால் மதகில் தொடங்கினேன். தண்ணீர் வராமல் விதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"இவர் ஏன் ஒரு கதவு வரைந்திருக்கிறார்?" என்று லான் கேட்டார். மேடம் விளக்கினார். லான் சிரித்துவிட்டு என் தாளைச் சுவரில் ஒட்டினார். என் படம் சுவரில் ஏறியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவர்கள் டிரையரை, அதுதான் காயவைக்கும் மிஷினை, உமியை எரித்தே ஓட்டுகிறார்கள். சாம்பல் வயலுக்கு, வைக்கோல் காளானுக்கு, எதையும் வீணாக்குவதில்லை. "எங்க ஊர்லயும் நெல்லு அவிக்கிறது உமியிலதான்னு சொல்லுங்க மேடம்" என்றேன். வாங்கிக்கொண்டே இருந்தால் எப்படி, நாமும் கொஞ்சம் கொடுத்தோம் என்று இருக்க வேண்டாமா?

வேலை செய்யும் கூடத்துக்குள் நுழைவது கோயில் கருவறைக்குள் போவதைவிடக் கஷ்டம். செருப்பு மாற்ற வேண்டும், இருபது எண்ணும் வரை சோப்புப் போட வேண்டும். தலையில் பூ கூடாது. ஸ்டிக்கர் பொட்டு கூடாது, உதிரும். குங்குமம் வைத்திருந்தால் துடைக்க வேண்டும், இல்லையென்றால் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட வேண்டும். தாலியைக் கோட்டுக்குள் போட்டுப் பொத்தான் போட்டால் போதும் என்றார்கள், நல்லவேளை. கண்ணாடி வளையலைத்தான் கழற்றியே ஆக வேண்டும் என்றார்கள். கல்யாணமான நாளிலிருந்து என் கை வெறுங்கையாக இருந்ததில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"என்னங்க, வளையலைக் கழட்டச் சொல்றாங்க."

"கழட்டிட்டு வேலையைப் பாரு. நான் இங்க நல்லாத்தான் இருக்கேன். இப்பதான் ரெண்டு தட்டு சோறு தின்னேன்."

உள்ளே சுவரில் ஆணியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கும். யார் எந்தத் தவறைப் பார்த்தாலும் அதை எடுத்து உயரத் தூக்க வேண்டும். அந்த நிமிடமே வேலை நிற்கும். தூக்கியவரை யாரும் திட்டக்கூடாது. "இதுதான் இந்தக் கூடத்திலேயே முக்கியமான சாமான்" என்று லான் முதல் நாளே சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். ஒன்பது நாள் அந்த அட்டையை யாரும் தொடவில்லை.

நடுவில் ஒரு நாள் விடுமுறை. மேடம் தூங்கட்டும் என்று நானும் ஜெசிந்தாவும் மட்டும் கடைத்தெருவுக்குக் கிளம்பி, வேறு படகில் ஏறிவிட்டோம். அது ஆற்றுக்கு நடுவே ஒரு தீவில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. பாஷை தெரியாது, திரும்பிப் போகும் படகும் தெரியாது. சாலையோரம் ஒரு அம்மா மூங்கில் தட்டிகளில் அரிசிக் காகிதம் காயவைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டிகளுக்கு நடுவில் ஒரு நாய் ஒய்யாரமாக நடந்து போனது. நானும் ஜெசிந்தாவும் ஒரே சமயத்தில் "ச்சூ!" என்று கத்தினோம். நாய் ஓடியது. அந்த அம்மா எங்களைப் பார்த்து, புடவையைப் பார்த்து, சிரித்தார். உள்ளே கூப்பிட்டு, எள்ளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அரிசிக் காகிதத்தைச் சுட்டுக் கொடுத்தார். நொறுக்கென்று என்ன ருசி! பிறகு அவரும் அவர் மகளும் ஆளுக்கொரு மோட்டார் பைக்கில் எங்களை ஏற்றிக்கொண்டுபோய்ச் சரியான படகில் விட்டார்கள். புடவையை முழங்காலில் இறுக்கிப் பிடித்து, கொண்டை மேல் ஹெல்மெட் நிற்காமல், அம்மனைக் கூப்பிட்டபடியே போனேன். லானின் ஊரிலும் எல்லாரும் லானிடம் படித்தவர்கள் இல்லை என்று தெரிந்ததில் எனக்கு ஒரு ஆறுதல்.

பத்தாம் நாள் எங்கள் பரீட்சை.

காலையில் குளித்து, அம்மனை நினைத்து, கூடத்துக்கு முதல் ஆளாகப் போனேன். எங்கள் ஊரில் மாவு மிஷினோ, மோட்டாரோ, டிராக்டரோ, பொட்டு வைக்காமல் எதையும் ஓட்ட மாட்டோம். வெறும் இரும்பில் நல்ல காரியம் தொடங்கக் கை வராது. டப்பியைத் திறந்து டிரையர் கதவின் உள்பக்கம், மேலே, யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன். வெளியில் வைத்தால் துடைத்துவிடுவார்கள் என்றுதான் உள்ளே வைத்தேன். பிறகு இருபது எண்ணிக் கை கழுவினேன். ஜெசிந்தா வந்து சிலுவை போட்டுக்கொண்டாள். "ஒங்க ஆளு, எங்க ஆளு, ரெண்டு பேரும் ரெடி. ஆரம்பிக்கலாமாக்கா?" என்றாள்.

கூழ் அருமையாக வந்தது. பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம், உப்பு. முறுக்கு நாழியில் பிழிந்து பத்துத் தட்டு நிறைத்து டிரையருக்குள் ஏற்றினோம். மதியம் கதவைத் திறந்தபோது வடகம் பால் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மேல் தட்டை இழுத்தேன். ஒரு வடகத்தின் ஓரத்தில் கடுகு அளவுக்குச் சிவப்பு. நிமிர்ந்து பார்த்தேன். கதவில் பொட்டு இருந்த இடத்திலிருந்து ஈரம் சிவப்பாகக் கோடு இறங்கியிருந்தது. கூழின் ஆவி பட்டுக் குங்குமம் கரைந்திருக்கிறது.

லான் அந்தப் பக்கம் திரும்பி எதையோ எழுதிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா என் காதோரம் வந்தாள்.

"அந்த ஒண்ணைக் கிள்ளிப் போட்டுட்டுக் கதவைத் தொடைங்கக்கா. யாரு பாத்தா?"

"மத்ததுல தெறிச்சிருந்தா?"

"கோயில் குங்குமம்தானே? வெஷமா?"

என் கை அந்த வடகத்தின் மேல் போய்விட்டது. இருபத்திரண்டு பேர் முகமும் வந்தது. கூடவே அந்தத் துரும்பும் வந்தது. அன்றைக்கு மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தோம். பக்கத்து வயலில் அறுவடை மிஷின் ஓடியது. காற்றில் தூசு வந்து துணியில் விழுந்ததை நான் பார்த்தேன். ஈர வடகத்தில் ஒரு துரும்பு ஒட்டியதையும் பார்த்தேன். மழை வருகிற மாதிரி இருந்தது. ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். நான் விட்ட அந்த ஒன்றுதான் சிங்கப்பூர் வரை போய்த் திரும்பி வந்தது.

ஆணியிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்துத் தூக்கினேன். ஜெசிந்தா, "யேசுவே" என்றாள்.

லான் ஓடி வந்தார். மேடமும் பின்னாலேயே வந்தார். "என்ன வசந்தா இது?"

"குங்குமம் மேடம். சாமிப் பொட்டு. நான்தான் வெச்சேன்."

மேடம் மொழிபெயர்த்தார். லான் கதவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். கோபப்படவில்லை. ஒரே கேள்வி கேட்டார்: "இதில் என்ன சேர்ந்திருக்கிறது?"

மஞ்சள், சுண்ணாம்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அது அந்தக் காலத்துக் குங்குமம். இப்போது கோயிலுக்கே கடையிலிருந்துதான் மூட்டையாக வருகிறது. அதில் என்ன சாயம் கலக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. முப்பது வருஷமாக நெற்றியில் வைக்கிறேன், தெரியாது. "தெரியலங்க" என்றேன். லான் தலையாட்டினார்.

பத்துத் தட்டையும் கொட்ட வேண்டும் என்றார். அரிசியைக் கொட்டுவது! கீழே சிந்தின நெல்லைக்கூடக் குனிந்து பொறுக்குகிற ஊரிலிருந்து வந்தவள் நான். "மீனுக்காவது போடலாமே" என்று கேட்டேன். "மீனையும் ஒருவர் சாப்பிடுவார். அதுவும் சங்கிலிதான்" என்றார் லான். எருக்குழிக்கு நானே தூக்கிப் போனேன். ஒவ்வொரு தட்டாகக் கவிழ்க்கும்போதும் மன்னிப்புக் கேட்டேன், யாரிடம் என்று தெரியவில்லை. பிறகு நடந்ததை என் கையாலேயே தமிழில் ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

லான் என் கையைப் பிடித்துக் கூடத்து வாசலுக்கு அழைத்துப் போனார். கதவுக்கு வெளியே, தரையோடு தரையாக, சிவப்பு மாடம் ஒன்று. உள்ளே தொப்பை வைத்த சாமி, பழம், ஊதுவத்தி. பத்து நாளாக அதைத் தாண்டித்தான் போனேன். கடைக்குக் கடை இப்படி இருக்கிறதே என்று பார்த்ததோடு சரி, வேறு எதுவும் யோசிக்கவில்லை.

லான் சொன்னதை மேடம் சொன்னார்: "நானும் தினம் கும்பிட்டுவிட்டுத்தான் கோட்டுப் போடுகிறேன். சாமி வாசலில் காவல் இருப்பார். கை கழுவாமல் உள்ளே வரக்கூடாது என்று அவருக்கும் தெரியும்." சொல்லிவிட்டு, "நாளைக்கு இன்னொரு ஈடு போடுங்கள்" என்றார்.

மறுநாள் அந்த மாடத்துக்குப் பக்கத்தில், வெளி நிலையில், பொட்டு வைத்தேன். லான் தானாகக் குனிந்து இன்னொன்று வைத்தார், கொஞ்சம் கோணலாக. அந்த ஈடு முதல் ஈட்டைவிட நன்றாக வந்தது. அம்மன் வாசலில் நிற்பதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். ஜெசிந்தாவுக்கும் எனக்கும் ஆளுக்கொன்று. அதைவிட எனக்குப் பெரிசு இன்னொன்று. நான் எழுதிக் கொடுத்த அந்தத் தாளை லான் வகுப்புச் சுவரில், என் மதகுப் படத்துக்குப் பக்கத்தில், ஒட்டியிருந்தார். என் எட்டாம் வகுப்புக் கையெழுத்து. "இனி வருகிறவர்களுக்கு அட்டையை எப்படித் தூக்குவது என்று இதை வைத்துச் சொல்லுவேன்" என்றார். தலைகுனிய வைத்த அதே தாளைப் பார்த்துத் தலை நிமிர்ந்தேன்.

ஊருக்கு வந்ததும் குழுவைக் கூட்டி அந்தத் துரும்பு விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் பின்னாலிருந்து ஒருத்தி, "நானும் பாத்தேங்க்கா" என்றாள். இன்னொருத்தியும் கையைத் தூக்கினாள். மூன்று பேர் பார்த்திருக்கிறோம்; மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே ஒரு சிவப்பு அட்டை வாங்கி ஆணியில் மாட்டினோம்.

உலர்த்தும் கூடம் தை மாதம் தயாரானது. ஒப்பந்தப்படி லானும் எங்கள் ஊருக்கு வந்தார். திறப்பு நாளன்று தெருவே கூடியிருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் சந்தனக் கிண்ணமும் குங்குமத் தட்டுமாக நேரே டிரையரைப் பார்த்து நடந்தார். "மாமா, நெலைப்படிக்கு வெளியில வைங்க" என்று ஜெசிந்தா வழி மறித்தாள். "ஏம்மா, சாமிக்கே தடை போடுறீங்களா?" என்றார். "கை கழுவிட்டு வந்தா சாமிக்கும் வழி உண்டு மாமா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே நிலையில் பொட்டு வைத்தார்.

எங்கள் பெண்கள் லானைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் தலையில் மல்லிகைப் பூவும், நெற்றி நடுவில் எட்டணா அளவுக்குக் குங்குமமும் வைத்துவிட்டார்கள். லானுக்கு ஒரே சந்தோஷம். உள்ளே போகுமுன் பூவை மட்டும் மறக்காமல் கழற்றி வைத்தார். செருப்பு மாற்றி, இருபது எண்ணிக் கை கழுவி, தொப்பியைப் போட்டுக்கொண்டு நிலைப்படியில் காலெடுத்து வைத்தார். தொப்பிக்குக் கீழே பொட்டு செக்கச்செவேலென்று தெரிந்தது.

நான் நிலையோரத்து ஆணியிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்துத் தூக்கினேன்.

லான் தூக்கிய காலோடு நின்றார். நான் என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அவர் கை தன் நெற்றிக்குப் போனது, விரலில் சிவப்பு வந்தது. விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு எட்டு பின்னால் வைத்து, தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டு, மறுபடியும் குழாயடிக்குப் போனார். எங்கள் பெண்கள் இருபத்திரண்டு பேரும் அவருக்காகச் சத்தம் போட்டு எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று, இருபது வரை.